நாட்காட்டியில் வந்த படம்

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டி நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டபோது, "வருத்தங்களைப் பற்றி மட்டும் பேசாதை பிள்ளை. நீரிழிவு பற்றி போன வருசம் ஒராள் பேசிப்போட்டா, சனம் பயந்து கேக் சாப்பிடாமல் போட்டுது. நீ உன்ரை குருவிப் படங்களைப் பற்றிப் பேசு" என்றார். ஆகவே வைத்தியராக அல்ல, அன்புவழிபுரத்தில் ஒரு வளவு வைத்திருப்பவளாக உங்கள் முன் நிற்கிறேன். நமது சங்கத்தின் 2022ஆம் ஆண்டு நாட்காட்டியில் மே மாதத்துக்கு வந்த தேன்சிட்டுப் படம் பலருக்கு நினைவிருக்கும். இன்று காலை வாசலில் மட்டும் நான்கு பேர் அதைச் சொல்லிப் பாராட்டினார்கள். அந்தப் படத்தைப் பற்றி உங்களிடம் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. அதை நடுவில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மற்றதெல்லாம் கேட்க மாட்டீர்கள்.

நான் குருவி பார்த்து வளர்ந்த பிள்ளை இல்லை. ஆறாம் ஆண்டில் விஞ்ஞான ஆசிரியை, "உங்கள் வளவில் காணும் பறவைகள் பத்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். நான் எழுதிய முதல் மூன்று: காகம், கோழி, பக்கத்து வீட்டுக் கோழி. மூன்றாவதை அவர் வகுப்பில் உரக்க வாசித்தார். இங்கே சிரிக்கிறவர்களில் அன்று சிரித்தவர்களும் இருக்கிறார்கள்.

அது 1990. அந்த வருடம் என்ன நடந்தது என்று இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை. நாங்கள் வானத்தைப் பார்த்தது உலங்குவானூர்தி எந்தப் பக்கம் போகிறது என்று அறியத்தான். என் அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். அவரிடம் ஒரு யஷிக்கா கமரா இருந்தது. கடற்படைத்தளம் இருக்கும் ஊரில், சோதனைச்சாவடிக்குச் சோதனைச்சாவடி பை திறந்து காட்டும் காலத்தில், கமராவோடு வெளியே போக யாருக்கு மனம் வரும்? அப்பா அதைப் பழைய வேட்டியில் சுற்றி இரும்புப் பெட்டிக்குள் வைத்தார். வருடத்துக்கு ஒருமுறை, பிறந்தநாளுக்கு, விறாந்தைக்குள்ளே வைத்து ஒரு படம். எங்கள் வகுப்பில் யாருக்காவது பள்ளிக்கூட நாட்களில் வெளியில் எடுத்த படம் இருக்கிறதா என்று அண்மையில் கேட்டுப் பார்த்தேன். முப்பத்தொரு பேரில் இரண்டு பேரிடம் இருக்கிறது. வெளியை உற்றுப் பார்ப்பதே வில்லங்கம் என்று பழகிவிட்டோம். போர் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை. மருத்துவபீடம், பயிற்சி, வேறு ஊர்களில் கடமை என்று சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பிய பிறகும், படலையைத் திறந்து வாகனத்தை விடுவதும் எடுப்பதுமாகத்தான் அந்த வளவில் இருந்தேன்.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. அடுத்த சில வாரங்களில் வைத்தியசாலையில் ஒரு நோயாளியைப் பார்த்ததன் காரணமாக நான் தனிமைப்பட வேண்டியதாயிற்று. வீட்டில் அம்மாவுக்கு அப்போது 75 வயது, ஆஸ்துமாவும் இருக்கிறது. ஆகவே வெளிக்கதவு தனியாக உள்ள முன்னறையில் பதினான்கு நாள். சாப்பாட்டை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, அம்மா மாமரத்தடியில் கதிரை போட்டுத் தூர இருந்து கதைப்பார். அந்த அறை அலுமாரியில் ரொறன்ரோவில் இருக்கும் தம்பி முந்திய விடுமுறையில் விட்டுப்போன டிஜிட்டல் கமரா ஒன்றும், 70–300 வில்லை ஒன்றும் கிடந்தன. வேறு வேலை இல்லை. யன்னல் கம்பிக்குள்ளால் படம் எடுக்கத் தொடங்கினேன்.

முதல் நாள் எடுத்த 200 படங்களில் பறவை இருந்தது பதினொன்றில். பறவைக்குத் தலை இருந்தது நான்கில். கமராவின் சின்னத் திரையை யன்னலருகே பிடித்து, "அம்மா, இது என்ன?" என்று கேட்டேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"உது செண்பகம். உனக்கு உதும் தெரியாதே பிள்ளை? நீ பிறந்த நாளிலை இருந்து உந்த மதிலிலைதான் திரியுது."

அப்படித்தான் தொடங்கியது. அம்மாவும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவி. இன்று முன்வரிசையில் இருக்கிறார். தமிழிலே பறவைப் பெயர் சொல்ல அவர் எந்தப் புத்தகத்தையும் புரட்டுவதில்லை. கூட்டமாக வந்து இலைகுப்பையைக் கிளறி ஓயாமல் கத்தும் மண்ணிறக் குருவிகள் புலுனி. மாம்பழ மஞ்சளில் கறுத்தத் தலையோடு வருவது மாம்பழக்குருவி. மரங்கொத்தியை அவர் தச்சன்குருவி என்பார். சென்னையில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி, மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த "மழைக்காலமும் குயிலோசையும்" என்ற புத்தகத்தை அனுப்பினாள். அறுபது வருடம் காட்டிலும் வீட்டுப் பக்கத்திலும் கண்டதை எழுதியும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தும் வந்த மனிதர் அவர். அவள் சொல்லும் தவிட்டுக்குருவி எங்கள் புலுனி என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் வாக்குவாதம் வேண்டியிருந்தது.

வாக்குவாதம் நடந்த இடம் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழு. ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு படம் போடுவேன். லண்டனில் இருப்பவள் நித்திரைக்குப் போகும் முன் பார்ப்பாள், மெல்பேர்னில் இருப்பவள் மத்தியானச் சாப்பாட்டோடு பார்ப்பாள். படம் நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. "பின்னாலை தெரியிறது உங்கடை கிணத்தடியா?", "அந்த விளாத்தி இன்னும் நிக்குதா?" என்றுதான் கேட்பார்கள். ரொறன்ரோவில் தாதியாக வேலை செய்யும் ஒருத்தி, "செண்பகத்தின் குரலைப் பதிந்து அனுப்படி, இரவுக் கடமை முடிந்து வந்து அதைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பேன்" என்றாள். அனுப்பினேன். அவளுடைய மூன்று வயது மகன் இப்போது அந்தச் சத்தத்தைச் செய்கிறானாம்.

2023 பெப்ரவரி 17 முதல் 20 வரை உலகம் முழுவதும் நடந்த வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்துகொண்டோம். 1998இல் அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவை ஆய்வகமும் ஓடுபொன் சங்கமும் தொடங்கியது இது. ஆகக் குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்டதை எண்ணி எழுதினால் போதும். ரொறன்ரோக்காரி பனியில் நின்று எண்ணினாள். அவளுக்கு மூன்று இனம். எனக்கு இருபத்திரண்டு. பக்கத்து வீட்டுக் கோழியைச் சேர்க்கவில்லை.

படமெடுப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், கமரா வைத்திருக்கும் தங்கைமார் சிலர் கேட்டிருந்தார்கள். எங்கள் ஊர் வெளிச்சம் பொல்லாதது. காலை எட்டரைக்குப் பிறகு மேலிருந்து கொட்டும். பறவையின் முதுகு வெளிறிப்போகும், வயிறு கறுத்துப்போகும். ஏப்ரல் நடுப்பகுதியில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது, நமது நிழலே காலடிக்குள் போய்விடும். ஆகவே காலை 6.15இலிருந்து 8 மணிவரை, பின்னேரம் நாலரைக்குப் பிறகு. வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் பறவை கரிக்கட்டியாக வரும். கமராவில் வெளிச்ச அளவை ஒரு படி கூட்டுங்கள். தேன்சிட்டு போன்ற துருதுருப்புக்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறையாத வேகம் வேண்டும். கண் தெளிவாக வந்தால் மற்றது மங்கினாலும் மன்னிக்கலாம். வேறு நுட்பம் எனக்குத் தெரியாது, யூடியூபில் சொல்லுவார்கள்.

ஆனால் அவர்கள் சொல்லாத ஒன்று உண்டு, பூஞ்சணம். கடற்காற்றும் மார்கழி மழையும் சேர்ந்தால் இரண்டு மாதத்தில் வில்லைக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சணம் படரும். அப்பாவின் யஷிக்காவைக் கடைசியில் திறந்து பார்த்தபோது அதன் வில்லை முழுவதும் அப்படித்தான் இருந்தது, பால் விழுந்த கண் மாதிரி. ஆகவே காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைக்கிறேன். வைத்தியசாலை மருந்தகத்தில் மாத்திரைப் போத்தல்களுக்குள் வருபவை அவை, அங்கே குப்பைக்குப் போகின்றன. எனக்காக ஒரு தாதி சேர்த்து வைக்கிறார்.

பதினான்கு நாள் முடிந்து வெளியே வந்ததும் நான் செய்த முதல் வேலை ஒரு தண்ணீர்ச் சட்டி வைத்தது. கச்சான் காற்று அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் எப்படிக் காயும் என்று உங்களுக்குத் தெரியும். அகன்ற மண்சட்டி, நடுவில் ஒரு கல், இரண்டு விரல் ஆழத் தண்ணீர். ஆழம் கூடினால் சின்னக் குருவி இறங்காது. முதல் கிழமை காகம் மட்டும் வந்து யாரோ வீட்டு இடியப்பத்தைக் கொண்டுவந்து ஊறப்போட்டது. பிறகு புலுனிகள் வந்தன, அதன் பின் கொண்டைக்குருவி, மைனா. ஒரு மாதம் கழித்து, ஒரு பின்னேரம், செண்பகம் அரசி போல நடந்து வந்து குளித்தது.

அதைப் பார்க்க வந்த இன்னொருவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். டெங்குப் பரிசோதனைக்காக வீடு வீடாக வந்தவர், சட்டியைக் கண்டுவிட்டு என்னையும் கண்டுவிட்டு, "டொக்டர், நீங்களே இப்பிடியா?" என்றார். 2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன பாடு படுத்தியது என்று பார்த்தவள் நான். காய்ச்சலோடு வந்த பிள்ளைகளைக் கட்டிலுக்கு இருவராகக் கிடத்தியதும் நினைவிருக்கிறது. அவர் கேட்டது சரி. நுளம்பு முட்டை இட்டு அது பறக்கும் நுளம்பாக வர ஒரு கிழமையாவது வேண்டும். நான் ஒவ்வொரு நாளும் தண்ணீரைக் கொட்டி, சட்டியின் உள்விளிம்பைத் தேங்காய்ப்பொச்சால் தேய்த்து, புதிதாக நிரப்புகிறேன் என்று காட்டினேன். விளிம்பைத் தேய்ப்பது முக்கியம், முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அவர் தலையாட்டிவிட்டு, "ஒரு நாள் தவறினால் வருவன்" என்று சொல்லிப் போனார். கடமை நீடித்து வீட்டுக்கு வர முடியாத நாட்களில் அம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார். செய்ய முடியாதவர்கள் வைக்காமலே விடுங்கள், குருவிக்கு வேறு வழி இருக்கும்.

அதே வருடம் ஒக்டோபரில் ஒரு விடியற்காலை, விறாந்தை விளக்கின் கீழ் ஒரு குருவி விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றின் அடியில் இரத்தச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. யாரோ வர்ணம் தீட்டி விட்டது மாதிரி. அம்மா கண்டதும், "ஆறுமணிக்குருவி" என்றார். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இந்தியாவில் இமயமலை அடிவாரம் வரையுள்ள காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, வாடைக்கு முன் இரவிரவாகப் பறந்து இங்கே வந்துவிடும், சித்திரைக்குப் பிறகுதான் திரும்பும். வந்து இறங்கும்போது களைத்து, வெளிச்சத்தில் மயங்கி, வீட்டுக்குள் புகுந்து கண்ணாடியில் மோதுவது இதற்குப் பழக்கம்.

சோதித்துப் பார்த்தேன். இறகு முறிவில்லை, கண் திறந்திருந்தது. வைத்தியம் செய்ய ஒன்றுமில்லை. காலணிப் பெட்டி ஒன்றில் துளையிட்டு, துணி விரித்து, அதை உள்ளே வைத்து, இருட்டில் சத்தமில்லாத மூலையில் விட்டேன். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மயங்கிக் கிடக்கும் மனிதருக்கும் அதே விதிதான், ஆனால் எங்கள் சனம் இன்னும் ஊற்றுகிறது. இரண்டு மணித்தியாலம் கழித்துப் பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்டது. கிணற்றுக்குப் பின்னால் கொண்டுபோய்த் திறந்தேன். பறக்கவில்லை, நடந்து போய் மாவிலைக் குப்பைக்குள் நின்று ஒரு புழுவை இழுத்தது. நான் எடுத்த ஒரே படத்தில் அதன் வால் மட்டும் இருக்கிறது.

அந்தக் குப்பைக்காக எங்கள் வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. அம்மா விடியமுன் முற்றம் கூட்டுகிறவர், விளக்குமாற்றுக் கோடு தெரியவேண்டும் அவருக்கு. கிணற்றுக்குப் பின்பக்கம் மட்டும் இலைகளை அப்படியே விடச் சொல்லிக் கேட்டேன். "ஆரும் வந்தால் என்ன நினைப்பினம்? பாம்பு வரும்" என்றார். அது பொய்யான பயம் இல்லை. கடைசியில், வீட்டிலிருந்து முப்பது அடிக்கு அப்பால், வேலி ஓரமாக மட்டும் என்று இணங்கினார். ஆறுமணிக்குருவி அந்த இடத்தில் ஏப்ரல் வரை நின்றது. இப்போது ஒவ்வொரு ஒக்டோபரும், "உன்ரை ஆள் வந்திட்டாரோ?" என்று முதலில் கேட்பது அம்மாதான். விறாந்தை விளக்கையும் அந்த மாதங்களில் பத்து மணிக்கே அணைத்துவிடுகிறோம்.

இனி நாட்காட்டிப் படம்.

2021 மே மாதம். திரும்பவும் பயணக்கட்டுப்பாடு. எங்கள் தேசிமரத்தின் தாழ்ந்த கிளையொன்றில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு கூடு கட்டியது. சிலந்திவலையால் நாரையும் சருகையும் ஒட்டி, தொங்கும் பை மாதிரி, வாசலுக்கு மேலே சின்னத் தாழ்வாரம்கூட வைத்து. கட்டியது பெண்குருவி. ஆண் பக்கத்தில் இருந்து பாடிக்கொண்டிருந்தார், அதைப் பற்றி நான் கருத்துச் சொல்லவில்லை. இரண்டு வாரம் அளவில் குஞ்சுகளின் சத்தம் கேட்டது. தாய் பூச்சி கொண்டுவந்து ஊட்டும்போது உள்ளிருந்து இரண்டு செம்மஞ்சள் வாய்கள் திறப்பது யன்னலிலிருந்து தெரிந்தது.

ஆனால் படம் சரியாக வரவில்லை. வாசலுக்கு முன்னால் மூன்று இலைக்கொத்துகள் மறைத்தன. இரண்டு நாள் முயன்றேன். மூன்றாம் நாள் காலை, தாய் போன இடைவெளியில், கத்தரிக்கோலோடு போய் அந்த மூன்று கொத்துகளையும் வெட்டினேன். அரை நிமிட வேலை. சத்திரசிகிச்சை அறையில் இடம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று திசுவை விலக்குவோமே, அந்த மனநிலைதான் எனக்கு இருந்தது. தாய் திரும்பி வந்தது, கொஞ்சம் தயங்கியது, பிறகு ஊட்டியது. காலை வெளிச்சம் நேரே விழுந்தது. பதினேழு படம் எடுத்தேன். அவற்றில் ஒன்றுதான் உங்கள் சுவரில் மே மாதம் முழுவதும் தொங்கியது.

அடுத்த நாள் விடிய ஐந்தே முக்காலுக்குத் தேன்சிட்டு கத்தும் சத்தத்தில் எழும்பினேன். தேசிமரத்தில் செண்பகம் இருந்தது. கூடு பிய்ந்து தொங்கியது. செண்பகம் முட்டையும் குஞ்சும் தின்னும் என்று எனக்கு அதற்கு முன்பே தெரியும். வாசித்திருந்தேன். அது பல நாளாக அந்த மரத்தடியால்தான் போய்வந்தது, இலை மறைத்ததால் காணவில்லை. நான் எனக்கு மட்டும் யன்னல் திறந்ததாக நினைத்தேன்.

தாய்க்குருவி அன்று முழுவதும் வாயில் பூச்சியோடு வந்து வந்து போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெட்டிய கொத்துகள் மரத்தடியில் கிடந்தன, அவற்றைப் பொறுக்கி எறிந்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அன்று காலையே வகுப்புக் குழுவில் முதல்நாள் எடுத்த படத்தைப் போட்டிருந்தேன், கூட்டைப் பார்க்கப் போகும் முன். தோழிகள் கொண்டாடினார்கள். "குஞ்சுகள் எப்படி?" என்று லண்டனில் இருந்து கேட்டாள் ஒருத்தி. "வளருதுகள்" என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. வைத்தியசாலையில் கெட்ட செய்தியை உறவினர்களுக்கு நேரே சொல்லவேண்டும் என்று இளம் வைத்தியர்களுக்குப் படிப்பிக்கிறவள் நான். ஐந்து மாதம் கழித்துச் சங்கம் நாட்காட்டிக்குப் படம் கேட்டபோது வேறு படம் கொடுத்திருக்கலாம். அதுதான் நன்றாக இருந்தது, அதைக் கொடுத்தேன். அந்த லண்டன் தோழி இங்கே மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். அவளிடம் நேற்று இரவு சொல்லிவிட்டேன். இப்போது உங்களிடமும்.

இதற்குப் பிறகு பழைய புத்தகங்களைத் தேடி வாசித்தேன். நம் ஊர்ப் பறவைகளை முதன்முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் வில்லியம் வின்சென்ட் லெக். பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரி, 1868 முதல் 1877 வரை இலங்கையில் இருந்தவர், அதில் ஒரு காலம் திருகோணமலையில். 1880இல் நிறைவான அவருடைய "இலங்கைப் பறவைகளின் வரலாறு" என்ற பெரிய நூலில் திருகோணமலை என்ற பெயர் அடிக்கடி வரும். அவர் காலத்தில் பறவையைச் சரியாக அறிய ஒரே வழி அதைச் சுட்டுக் கையில் எடுத்துப் பார்ப்பது. நூலின் அழகான வண்ணப் படங்களை வரைந்த கொய்லெமான்ஸ் பெரும்பாலும் பாடம்பண்ணிய தோல்களைப் பார்த்துத்தான் வரைந்தார். வாசிக்கும்போது முதலில் எனக்கு லெக் மேல் கோபம் வந்தது. பிறகு தேசிமரம் நினைவு வந்தது.

கூட்டை நான் இப்போது படமெடுப்பதில்லை. பாடலை ஒலிபரப்பிப் பறவையைக் கிட்டக் கூப்பிடுவதும் இல்லை. அது எதிரி வந்துவிட்டதென்று உண்ணாமல் தேடித் திரியும். யன்னல் திரைக்குப் பின்னால் இருந்து, வருகிறதை மட்டும் எடுக்கிறேன். வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, நீளமான வெள்ளை வாலோடு இரண்டு வருடம் தொடர்ந்து வாடையில் வந்த அரசவால் ஈப்பிடிப்பான். சிங்களத்தில் அதற்குத் துணிக்கள்வன் என்று பெயர், யாரோ வீட்டுக் கொடியிலிருந்து வெள்ளைச் சீலையைத் திருடிக்கொண்டு பறக்கிறது போல இருக்கும். இங்கேயே பிறக்கும் ஆண்கள் செம்மண் நிறத்தோடு நின்றுவிடும்; வெள்ளையாகி வருபவை இந்தியாவிலிருந்து வரும் விருந்தாளிகள்.

2022ஐ நீங்கள் வெளிநாட்டில் இருந்து செய்தியில் பார்த்தீர்கள். இங்கே எரிவாயு இல்லை, மின்சாரம் இல்லை, வைத்தியசாலைக்குப் போகப் பெற்றோல் வரிசை. குசினிக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அம்மா திரும்பவும் விறகில் சமைத்தார். எங்கள் தெருவில் காய்ந்த மரம் ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கள் வளவில் வண்டு விழுந்து குருத்துச் செத்த தென்னை ஒன்று மொட்டையாக நின்றது. பக்கத்து வீட்டு அண்ணை கோடரியோடு வந்தார், பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு என்று பேச்சு. நியாயமான பேச்சு, அவர் வீட்டில் ஐந்து பிள்ளைகள்.

கோடரி முதல் வெட்டு விழுந்ததும் மேலே ஒரு துளையிலிருந்து மரங்கொத்தி தலையை நீட்டியது.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அண்ணையிடம், "தம்பி, விளாத்தியிலை காய்ஞ்ச கிளை ரெண்டு நிக்குது, அதை முழுசா நீர் எடும்" என்றார். எங்கள் பாதியும் போயிற்று. அந்த மாதம் நாங்கள் தென்னோலையிலும் பாளையிலும் சமைத்தோம். புகையில் அம்மாவுக்கு இரண்டு முறை ஆஸ்துமா கூடியது, அதையும் சொல்லவேண்டும். இது இலவசமாகக் கிடைத்த தர்மம் அல்ல.

அந்த மரங்கொத்தியைத் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு புதிர் இருந்தது. முதுகு பொன்னிறமும் இல்லை, சிவப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் செம்மஞ்சள். பார்த்தபோது வெளிச்சத்தின் குற்றம் என்று நினைத்தேன். பிறகு அறிந்தேன்: யாழ்ப்பாணப் பக்கத்தில் இருப்பது பொன்முதுகு மரங்கொத்தி, தெற்கே இருப்பது செம்முதுகு. 2016இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், செம்முதுகு இலங்கைக்கு மட்டுமே உரிய தனி இனம் என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் இரண்டும் சந்திக்கும் நடுநிலத்தில் அவை கலந்து குஞ்சு பொரிக்கின்றன, அந்தக் குஞ்சுகளுக்கு இடைநிறங்கள் வருகின்றன. வடக்குக்கும் தெற்குக்கும் இடையில், எங்கள் வளவு மொட்டைத் தென்னையில் இருந்தது அப்படிப்பட்ட ஒன்றாக இருக்கவேண்டும். பதவியும் எல்லையும் பற்றி நூறு வருடமாகச் சண்டை பிடிக்கிற நாட்டில், தச்சன்குருவி தன் பாட்டில் காரியத்தை முடித்துவிட்டது என்று அம்மா சொன்னார்.

மரங்கொத்தி போன பிறகு அதே துளையில் மைனா குடியேறியது. இந்த வருடம் கிளி எட்டிப் பார்க்கிறது. துளை போட அலகு இல்லாத பறவைகளுக்கு மரங்கொத்தி விட்டுப்போகும் வீடுதான் வீடு.

தம்பி இந்த ஆடி விடுமுறைக்கு வந்தபோது வளவு முழுவதையும் சீமெந்து போட்டுவிடலாம் என்றான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவன் சொன்ன காரணம் அம்மா வழுக்கி விழுந்துவிடுவார் என்பது. மூப்பில் இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன், அவனோடு எப்படி வாதாட? மூன்று இரவு பேசி, குசினிக் கதவிலிருந்து கிணற்றடிக்கும் படலைக்கும் மட்டும் மூன்றடி அகலத்தில் சொரசொரப்பான நடைபாதை, ஒரு பக்கம் பிடிகம்பி என்று முடிவானது. மற்றதெல்லாம் மண். கூலி முழுவதையும் அவனே கொடுத்தான். இப்போது பிடிகம்பியில் கரிச்சான் வந்து இருக்கிறது, நல்ல உயரம், பின்னணி சுத்தம். இதுவரை எனக்குக் கிடைத்த படங்களில் ஆகத் தெளிவானவை அந்தக் கம்பியில் எடுத்தவைதான்.

உங்களில் பலருக்கு இந்த ஊரில் ஒரு வளவு இருக்கிறது, அல்லது இருந்தது. சிலர் விற்கப் போகிறீர்கள் என்றும் தெரியும், யாரையும் குறை சொல்லவில்லை. விற்கும் முன் ஒரு காலை அங்கே போய் இருந்து, அப்பக்கத்தில் என்ன குருவி வருகிறது, உங்கள் வீட்டில் அதை எந்தப் பெயரால் கூப்பிட்டீர்கள் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். அம்மாவும் நானும் ஒரு கொப்பியில் எழுதி வருகிறோம். இதுவரை 61 பெயர் சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்பது பெயருக்குப் பறவை எதுவென்று எங்களுக்குத் தெரியவில்லை. சம்பூரிலும் மூதூரிலும் வளர்ந்த அக்காமார் இங்கே இருக்கிறீர்கள், தேநீர் நேரத்தில் அந்தக் கொப்பியோடு உங்களிடம் வருவேன்.

இப்போது படங்கள். தங்கச்சி, அந்த யன்னல் திரைகளை இழுத்துவிடுங்கள், விளக்கையும் அணையுங்கள். முதலாவது, யன்னல் கம்பிக்குள்ளால் எடுத்த முதல் நாள் படம். தலை இல்லை. அது செண்பகம் என்று அம்மாவின் சொல்லை நம்பித்தான் சொல்கிறேன்.